ஒரே புழு, இரண்டு வாழ்க்கை: தவளையின் நுரையீரலில் வாழும் ராப்டியாஸ் புஃபோனிஸ்

ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் பழுப்புத் தவளையின் நுரையீரல் ஒரு மெல்லிய பை. நம் நுரையீரலில் இருப்பதுபோல் கோடிக்கணக்கான நுண்ணறைகள் அதில் கிடையாது. உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சில மடிப்புகள், நடுவில் காற்று, அவ்வளவுதான். ஆய்வகத்தில் அந்தப் பையைக் கத்தரித்துத் திறக்கும்போது, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வெளிறிய புழுக்கள் சில நெளிவதைப் பல தவளைகளில் பார்க்கலாம். அவற்றின் உடலுக்குள் தலையிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும். அது புழுவின் குடல். அதைக் கறுப்பாக்குவது புழு குடித்த தவளை ரத்தம்.

இந்தப் புழுவின் பெயர் ராப்டியாஸ் புஃபோனிஸ். தவளையிலும் தேரையிலும் வாழும் நூற்புழு. 1788-லேயே ஷ்ராங்க் என்ற இயற்கையியலாளர் இதற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டார். ஆனால் இந்தப் புழுவைப் பற்றிய முக்கியமான புதிர் விடுபட அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆனது. புதிர் இதுதான்: எத்தனை தவளைகளைத் திறந்து பார்த்தாலும் நுரையீரலில் கிடைக்கும் முதிர்ந்த புழுக்கள் எல்லாமே முட்டை சுமந்தவை. ஓர் ஆண் புழுகூட அகப்படுவதில்லை.

ஆண்கள் எங்கே போனார்கள்? விடை தவளைக்குள் இல்லை, தவளை எச்சமிட்ட ஈர மண்ணில் இருக்கிறது.

முதலில் சில அடிப்படைகள்

நூற்புழு என்பது ஒரு பெரிய விலங்குத் தொகுதி. உருளைப்புழு என்றும் சொல்வார்கள். மண்புழுவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. மண்புழுவின் உடலில் வளையம் வளையமாகக் கண்டங்கள் இருக்கும், நூற்புழுவுக்கு அவை கிடையாது. வழவழப்பான நீண்ட உடல், வெளியே கெட்டியான ஒரு மேற்தோல், உள்ளே ஒரு குடல், இனப்பெருக்க உறுப்பு. மேற்தோல் ஓரளவுக்கு மேல் விரிந்து கொடுக்காது என்பதால் வளரும் புழு அதை உரித்துப் போட்டாக வேண்டும். முட்டையிலிருந்து வந்தது முதல் முதிர்வது வரை நான்கு முறை தோலுரிக்கும். நான்கு உரிப்பு என்றால் நான்கு இளம்பருவங்கள். இவற்றில் மூன்றாம் பருவத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நூற்புழு என்றதும் வயிற்றுப் பூச்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் நூற்புழுக்களில் பெரும்பகுதி யாரையும் அண்டிப் பிழைப்பவை அல்ல. மண்ணிலும் சேற்றிலும் கடலடியிலும் பாக்டீரியாவைத் தின்று தன் பாட்டுக்கு வாழ்பவை ஏராளம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், பூமியில் உள்ள விலங்குகளில் ஐந்தில் நான்கு நூற்புழுக்கள்தான் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சில வகைகள் வேறு உயிரின் உடலுக்குள் குடிபுகுந்துவிட்டன. அவற்றை ஒட்டுண்ணி என்கிறோம், இடம் கொடுத்த உயிரை விருந்தோம்பி என்கிறோம். இந்தத் தவளைக்கு விருந்தோம்பும் விருப்பம் எதுவும் இல்லை என்றாலும் பாடநூல் சொல் அதுதான்.

ராப்டியாஸ் பேரினத்தில் மட்டும் 80-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. தவளை, தேரை, பாம்பு, பல்லி இவற்றின் நுரையீரல்தான் அவற்றின் இருப்பிடம். அவற்றில் மிக அதிகமாகவும் மிக நீண்ட காலமாகவும் ஆராயப்பட்டவற்றில் ஒன்று புஃபோனிஸ்.

நுரையீரலுக்குள் நடப்பது

நுரையீரலில் இருக்கும் புழு பார்வைக்குப் பெண். பெண்ணுக்குரிய உடலமைப்பு, இரண்டு கருப்பைகள், அவற்றை அடைத்துக்கொண்டு முட்டைகள். ஆனால் அது முழுப் பெண் இல்லை, இருபாலுயிரி. முதிரத் தொடங்கும்போது அதன் இனப்பெருக்கச் சுரப்பி முதலில் விந்தணுக்களை உருவாக்குகிறது. அவை உள்ளேயே சேமிக்கப்படுகின்றன. அதன் பிறகு அதே சுரப்பி அண்டங்களை உருவாக்கத் தொடங்குகிறது. சேமித்து வைத்த விந்தணுவால் தன் அண்டத்தைத் தானே கருவுறச் செய்துகொள்கிறது. துணை தேட வேண்டியதில்லை. ஒரு தவளைக்குள் ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தாலும் சந்ததி தடைபடாது.

ஒட்டுண்ணிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். தவளைக்குள் நுழைவதே குதிரைக்கொம்பு. நுழைந்த பிறகு அங்கே இன்னொரு புழு, அதுவும் எதிர்ப்பாலில், அதே சமயத்தில் முதிர்ந்து இருக்க வேண்டும் என்றால் பாதிப் புழுக்கள் வாரிசு இல்லாமலே சாகும்.

சரி, முட்டை போட்டாயிற்று. நுரையீரல் ஒரு முட்டுச்சந்து. முட்டை எப்படி வெளியே வரும்? இங்கே தவளையின் உடலே புழுவுக்கு உதவுகிறது. மூச்சுப் பாதையின் உட்சுவரில் குற்றிழைகள் எனப்படும் நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். தூசியையும் சளியையும் வாய் நோக்கி மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புழுவின் முட்டைகளையும் அவை சளியோடு சேர்த்துத் தள்ளிவிடுகின்றன. வாய்க்கு வந்ததைத் தவளை விழுங்குகிறது. முட்டை வயிற்றைக் கடந்து குடலுக்குப் போகிறது. முட்டை இடப்படும்போதே உள்ளே கரு நன்றாக வளர்ந்திருப்பதால், குடல் வழியாகப் போகும்போதே அது பொரிந்து இளம்புழு வெளிவந்துவிடும். பொதுப்புழையை (கழிவும் முட்டையும் வெளியேறும் ஒரே துளை) ஒட்டிய கடைசிக் குடலில் இப்படிப்பட்ட இளம்புழுக்கள் கூட்டமாக நெளிவதைப் பார்க்கலாம். எச்சத்தோடு சேர்ந்து அவை மண்ணில் விழுகின்றன.

ஆக, நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறதா என்று அறிய தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. புதிதாக விழுந்த எச்சத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும்.

மண்ணில் தொடங்கும் இன்னொரு கதை

மண்ணில் விழுந்த இளம்புழு பாக்டீரியாவைத் தின்கிறது, தோலுரிக்கிறது, வளர்கிறது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் ஓரிரு நாட்களிலேயே முதிர்ந்துவிடும். ஆனால் முதிர்ந்து நிற்பது தன் தாயின் சாயலே இல்லாத ஒரு விலங்கு. நீளம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தாலே அதிகம். ரத்தம் குடிப்பதில்லை, தவளையைத் தேடுவதில்லை. முக்கியமாக, இங்கே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. தனித்தனி உடல்கள். இரண்டும் இணைசேர்கின்றன. தவளைக்குள் தேடிக் கிடைக்காத ஆண் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து நடப்பது கொஞ்சம் கொடூரமானது. கருவுற்ற பெண் புழு முட்டையை வெளியே இடுவதில்லை. அதன் உடலுக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய முட்டைகளே உருவாகின்றன. அவை உள்ளேயே பொரிகின்றன. பொரிந்த இளம்புழுக்கள் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு தாயின் உடலுக்குள் இறங்கி, குடல், தசை, இனப்பெருக்கச் சுரப்பி என்று ஒன்றுவிடாமல் தின்கின்றன. முடிவில் தாயில் மிஞ்சுவது மேற்தோல் மட்டும். காலியான அந்தத் தோல் ஒரு சாக்குப்பை மாதிரி கிடக்க, உள்ளே அதன் பிள்ளைகள் சுருண்டும் நெளிந்தும் இருக்கும். நுண்ணோக்கியில் இதைப் பார்க்கும் மாணவர்களுக்குத் தாய் எது, ஒட்டுண்ணி எது என்று முதலில் குழப்பம் வருவது இயல்பு.

பிள்ளைகள் மூன்றாம் பருவத்தை எட்டியதும் அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. அவற்றின் வாய் இப்போது மூடியிருக்கும், இனி எதையும் தின்னாது. தாயிடமிருந்து எடுத்த சத்துதான் கைமுதல். இரண்டாம் பருவத்தின் பழைய தோலை முழுதாகக் கழற்றாமல் மேலே போர்த்திக்கொண்டே ஈரமான மண்ணில் காத்திருக்கும். தொற்றும் திறன் கொண்ட இளம்புழு என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதன் குழந்தை மண்ணில் பிறக்க வழியில்லை. தவளை கிடைக்காவிட்டால் சேமிப்பு தீர்ந்ததும் கதை முடிந்தது.

தவளை அந்த ஈர மண்ணில் வந்து உட்கார்ந்தால், இளம்புழு அதன் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. மேலே போர்த்தியிருந்த பழைய தோல் அப்போது கழன்றுவிடும். தோலுக்கடியில் இருந்து தசைகளின் ஊடாகவும் நிணநீர் இடைவெளிகள் வழியாகவும் உடற்குழியை அடைந்து, அங்கே கொஞ்ச காலம் வளர்ந்து, பிறகு நுரையீரலின் வெளிச்சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிறது. நுரையீரலை அடைந்தவை மட்டுமே முதிர்ந்து முட்டையிடும். வழி தவறி வேறு உறுப்பில் போய் மாட்டிக்கொண்டவை அங்கேயே அழியும். தோலைத் துளைப்பது மட்டும்தான் வழி என்றும் இல்லை. மண்புழு, நத்தை போன்றவற்றின் உடலுக்குள் இந்த இளம்புழுக்கள் வளராமல் சும்மா தங்கியிருக்க முடியும். அவற்றைத் தின்னும் தவளைக்கு அந்த வழியாகவும் தொற்று வரலாம்.

உள்ளே நுழைந்தவை எல்லாம் என்னவாக முதிர்கின்றன? மறுபடியும் இருபாலுயிரி. ரத்தம் குடிக்கும், தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும், ஒரு சென்டிமீட்டர் நீளப் புழு. பாட்டியைப் போல பேத்தி, ஆனால் நடுவில் இருக்கும் தாய் முற்றிலும் வேறு. இப்படி ஒரே இனத்தில் இரண்டு வகைத் தலைமுறைகள் மாறி மாறி வருவதைத்தான் தலைமுறை மாற்றம் என்கிறோம். கம்பளிப்பூச்சி வண்ணத்துப்பூச்சி ஆவதோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உருமாற்றம், ஒரே உயிர் தன் ஆயுளில் இரண்டு வடிவம் எடுப்பது. இங்கே ஒரு வடிவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பிறப்பு இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்த நடுத் தலைமுறை கட்டாயமில்லை. எச்சத்தில் வந்த இளம்புழு, ஆண் பெண் என்ற கட்டத்துக்குப் போகாமலே நேராகத் தொற்றும் பருவத்துக்கு வளர்ந்துவிடவும் முடியும். ராப்டியாஸ் பேரினத்தில் இரண்டு பாதைகளும் உண்டு. தவளை தேரைகளில் வாழும் சிற்றினங்கள் பெரும்பாலும் சுற்றுப் பாதையில் போகின்றன. பாம்புகளில் வாழும் சில சிற்றினங்களுக்கு நேர்ப்பாதைதான் வழக்கம்.

ஆண் எங்கிருந்து வருகிறது?

இந்தப் புழுவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தாய் ஒருத்தி. தந்தை என்று தனியாக யாரும் இல்லை, தானே விந்தணு தந்து தானே கருவுற்றாள். அப்படியானால் பிள்ளைகளில் ஆண் எப்படி வந்தது? சரி, வந்தது. அந்த ஆண் சேர்ந்து பிறந்த அடுத்த தலைமுறையில் ஏன் ஓர் ஆண்கூட இல்லை?

1911-ல் ஜெர்மனியில் தியோடோர் போவெரி, ஷ்லைப் என்ற உயிரியலாளர்கள் இருவரும் தனித்தனியாக இதன் குரோமோசோம்களை எண்ணி விடை சொன்னார்கள். கணக்கு எளிது, ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம்.

நுரையீரல் புழுவின் உடற்செல்லில் 12 குரோமோசோம்கள். அதில் 2 எக்ஸ் குரோமோசோம்கள். அது அண்டம் உருவாக்கும்போது எல்லா அண்டத்துக்கும் சரிபாதியாக 6 குரோமோசோம் போகிறது, அதில் ஒரு எக்ஸ் உண்டு. விந்தணு உருவாக்கும்போது மட்டும் ஒரு தில்லுமுல்லு நடக்கிறது. செல் பிரியும்போது ஒரு எக்ஸ் பின்தங்கி வெளியே விடப்படுகிறது. அதனால் சில விந்தணுவில் எக்ஸ் உட்பட 6 குரோமோசோம், சிலவற்றில் எக்ஸ் இல்லாமல் 5 மட்டும். இப்போது கூட்டிப் பாருங்கள். 6-உம் 6-உம் சேர்ந்தால் 12, அது மண்ணில் பெண்ணாக வளரும். 6-உம் 5-உம் சேர்ந்தால் 11, ஒரே ஒரு எக்ஸ், அது ஆண். இந்த வகைப் புழுக்களில் ஆண் என்பதற்குத் தனியாக ஒய் குரோமோசோம் கிடையாது. ஒரு எக்ஸ் குறைந்தால் ஆண், அவ்வளவே.

அடுத்த படி. மண்ணில் வாழும் ஆணிடம் 11 குரோமோசோம். அது விந்தணு உருவாக்கும்போது பாதியில் 6, பாதியில் 5 இருக்க வேண்டும். அப்படித்தான் பிரிகின்றன. ஆனால் 5 கிடைத்தவை வேலைக்கு உதவாமல் சிதைந்துபோகின்றன. பிழைப்பவை எல்லாம் எக்ஸ் உள்ளவை. ஆகவே மண்ணில் நடக்கும் கருவுறுதலில் எப்போதும் 6-உம் 6-உம்தான். பிறக்கும் எல்லாமே 12. தவளைக்குள் போவதற்கு ஆண் என்று ஒருவனும் மிஞ்சுவதில்லை.

ஒரு தலைமுறையில் எக்ஸை வெளியே தள்ளி ஆணை உண்டாக்குவது, அடுத்த தலைமுறையில் எக்ஸ் இல்லாத விந்தணுவை ஒழித்து ஆணை நிறுத்துவது. இரண்டு சின்ன மாற்றங்களில் மொத்தச் சுழற்சியும் அடங்கிவிட்டது. குரோமோசோம்தான் மரபைச் சுமக்கிறது என்பதே விவாதத்தில் இருந்த காலம் அது. பால் நிர்ணயத்தில் எக்ஸுக்குப் பங்கு உண்டு என்ற கருத்துக்கு ஒரு தவளைப் புழு இவ்வளவு கச்சிதமான சாட்சி சொன்னது சின்ன விஷயம் இல்லை.

இதிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. மண்ணில் உள்ள பெண்ணுக்கும் 12, நுரையீரலில் உள்ள இருபாலுயிரிக்கும் 12. குரோமோசோமில் வேறுபாடு இல்லை. ஒன்று மில்லிமீட்டர் உடலோடு பாக்டீரியா தின்று ஓரிரு நாளில் பிள்ளைகளுக்கு இரையாகிறது. மற்றொன்று அதைவிடப் பத்து மடங்கு நீளம் வளர்ந்து, ரத்தம் குடித்து, தன் விந்தணுவைத் தானே தயாரிக்கிறது. ஒரே மரபுச் சரக்கை வைத்துக்கொண்டு எந்த உடலைக் கட்டுவது என்பதை, வளரும் இடமும் வளர்ந்த விதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஒரு கண்டுபிடிப்பு, ஒரு சண்டை

இந்தப் புழுவின் புதிர் விடுபட்ட 1865-ல், ஒரு தலைமுறை அடுத்ததிலிருந்து வேறுபடலாம் என்ற எண்ணம் புதிதில்லை. டென்மார்க்கின் விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப் 1842-லேயே அதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். ஆனால் அவர் சொன்ன உதாரணங்களில் ஒரு தலைமுறை கருவுறுதலாலும், மற்றது மொட்டுவிடுதல் போன்ற பாலிலா வழியிலும் பெருகும். நம் புழுவில் இரண்டு தலைமுறைகளும் அண்டமும் விந்தணுவும் சேர்ந்தே பிறப்பவை. அது யாரும் எதிர்பாராதது.

இதைக் கண்டறிந்த இடம் ஜெர்மனியின் கீசன் நகரம், ஆண்டு 1865. ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் அன்றைக்குப் பெரிய ஆள் ருடால்ஃப் லாய்க்கார்ட். அவருடைய ஆய்வகத்துக்கு ரஷ்யப் பேரரசிலிருந்து ஏறத்தாழ 20 வயது இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்திருந்தான். பெயர் இலியா மெக்னிகோவ். தவளை நுரையீரல் புழுவின் பிள்ளைகள் மண்ணில் ஆணும் பெண்ணுமாக வளர்வதை அவன் கண்டான். அப்போது இந்தப் புழுவை அஸ்காரிஸ் நைக்ரோவெனோசா என்று அழைத்தார்கள். லாய்க்கார்ட் இதைத் தன் பெயரில் வெளியிட்டு, மெக்னிகோவை உதவியாளன் என்ற அளவில் மட்டும் குறிப்பிட்டார். கோபம் கொண்ட மெக்னிகோவ் கண்டுபிடிப்பு தன்னுடையது என்று தனிக் கட்டுரையில் அறிவித்துவிட்டு, அங்கிருந்து கிளம்பிவிட்டான்.

பேராசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பெயர் யாருக்கு என்ற தகராறு இன்றும் நடப்பதுதான். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை இத்தனை காலத்துக்குப் பிறகு தராசில் நிறுத்துவது கடினம். ஆனால் அந்த இளைஞன் சாதாரணமானவன் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்பதைப் பின்னாளில் காட்டி, 1908-ல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அதே மெக்னிகோவ்தான்.

ஏன் இந்தச் சுற்றுவழி?

நுரையீரல் புழு தானாகவே பிள்ளை பெறும் என்றால், மண்ணில் இறங்கி ஆண், பெண், இணைசேர்தல், தாயைத் தின்பது என்று இவ்வளவு பாடு எதற்கு? மண்ணில் வாழும் பெண் ஆயிரக்கணக்கில் பெற்றுத் தள்ளினாலாவது பெருக்கத்துக்கு என்று சொல்லலாம். அதுவோ ஒரு சிலவற்றைத்தான் பெறுகிறது.

பதிலின் ஒரு பகுதி மரபுக் கலப்பில் இருக்கிறது. தன்னைத் தானே கருவுறச் செய்துகொண்டே போனால் சந்ததியில் வேறுபாடு குறைந்துகொண்டே வரும். மண்ணில் ஒரு தலைமுறை ஆணும் பெண்ணுமாக வாழ்ந்தால், ஒரே எச்சத்தில் வந்த வேறு வேறு தாய்ப் புழுக்களின் பிள்ளைகள் கலக்க வாய்ப்பு கிடைக்கிறது. தவளைக்குள் தனிமைக்கு ஏற்ற வழி, வெளியே கலப்புக்கு ஏற்ற வழி. இரண்டின் ஆதாயமும் ஒரே இனத்துக்கு.

இன்னொரு பகுதி பரம்பரையில் இருக்கிறது. மண்ணில் வாழும் அந்தச் சிறு ஆணையும் பெண்ணையும் பார்த்தால், ஆய்வகங்களில் உலகப் புகழ்பெற்ற சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் புழுவின் சாயல் தெரியும். ஒரு மில்லிமீட்டர் நீளம், பாக்டீரியா உணவு, 959 உடற்செல்கள் கொண்ட அந்தப் புழு எந்த விலங்கையும் ஒட்டி வாழ்வதில்லை. ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் உண்டு. உணவு தீர்ந்து நெருக்கடி வந்தால், அதன் மூன்றாம் பருவ இளம்புழு வாயை மூடிக்கொண்டு, கெட்டியான மேற்தோலோடு, எதையும் தின்னாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நல்ல இடம் வந்ததும் மறுபடி வளரத் தொடங்கும்.

மூன்றாம் பருவம், மூடிய வாய், காத்திருப்பு. தவளைக்குள் நுழையும் இளம்புழுவின் வருணனையும் அதுவேதான். மண்ணில் வாழ்ந்த மூதாதைப் புழுக்களிடம் பஞ்சத்தைத் தாண்டுவதற்காக ஏற்கெனவே இருந்த ஒரு பருவம், பின்னாளில் விருந்தோம்பிக்குள் நுழைவதற்கான பருவமாகப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கோணத்தில் பார்த்தால் மண் வாழ்க்கை சுற்றுவழியே இல்லை. அதுதான் பழைய வீடு, நுரையீரல் பிறகு வந்தது.

மனிதர் குடலில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற நூற்புழு ராப்டியாஸின் உறவினர். அதுவும் மண்ணிலிருந்து தோலைத் துளைத்து நுழைகிறது, அதற்கும் மண்ணில் ஆண் பெண் தலைமுறை உண்டு. ராப்டியாஸைப் புரிந்துகொண்டவருக்கு அதன் சுழற்சி பாதி மனப்பாடம்.

தவளைக்கு என்ன கேடு?

எண்ணிக்கையைப் பொறுத்தது. நன்கு வளர்ந்த தவளை ஒரு சில புழுக்களோடு வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் வாழ்ந்துவிடும். தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து அப்போதுதான் கரையேறிய குட்டிகளுக்குத்தான் ஆபத்து. உடல் சிறியது, நுரையீரல் அதைவிடச் சிறியது, அதே ஈர மண்ணில் கூட்டமாகத் திரிய வேண்டிய கட்டாயம். 1992-ல் கோட்டர், வார்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐரோப்பியத் தேரைக் குட்டிகளுக்கு வெவ்வேறு அளவில் இந்த இளம்புழுக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். புழு கூடக் கூட வளர்ச்சி குன்றியது, இறப்பு அதிகரித்தது. ரத்த இழப்பு மட்டும் காரணமில்லை. தொற்றிய குட்டிகள் இரை எடுப்பதையே குறைத்துக்கொண்டன.

இதன் நெருங்கிய உறவான ராப்டியாஸ் சூடோஸ்ஃபெரோசெஃபாலா ஆஸ்திரேலியாவில் ஒரு தனி அத்தியாயம். கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935-ல் ஹவாயிலிருந்து சுமார் 100 கரும்புத் தேரைகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை, தேரை கண்டம் முழுக்கப் பரவத் தொடங்கியது. அவற்றின் நுரையீரலில் இருந்த புழுவை உள்ளூர்த் தவளைகளிடமிருந்து தொற்றியது என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2008-ல் டிஎன்ஏவை ஒப்பிட்டபோதுதான் அது தேரைகளோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்தே வந்தது என்று தெளிவானது.

சுவாரசியம் என்னவென்றால், பரவலின் முன்வரிசையில் போகும் தேரைகளிடம் இந்தப் புழு இல்லை. தேரை ஓரிடத்துக்கு வந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் கழித்தே புழு வந்து சேர்கிறது. இதுவரை சொன்ன சுழற்சியை மனதில் ஓட்டிப் பார்த்தால் காரணம் பிடிபடும். முன்வரிசையில் தேரைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு தேரை எச்சமிட்டுவிட்டுப் போய்விடும். மண்ணில் காத்திருக்கும் இளம்புழுவுக்கு அடுத்த தேரை வருவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும். கூட்டம் அடர்ந்த பிறகுதான் சங்கிலி அறுபடாமல் ஓடும்.

தவளைக்குள் வாழும் எல்லா நூற்புழுவையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ஜைரினிகோலா பட்ராக்கியென்சிஸ் என்று ஒன்று, தலைப்பிரட்டைகளின் குடலில் மட்டும் வாழ்வது. எருதுத் தவளையின் தலைப்பிரட்டைகளில் சோதித்தபோது, இந்தப் புழு இருந்தவை தாவர உணவை இன்னும் நன்றாக நொதிக்கச் செய்து, புழு இல்லாதவற்றைவிடச் சீக்கிரம் தவளையாக மாறின. ஒட்டுண்ணி என்ற சொல்லை எங்கே நிறுத்துவது என்பது அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை.

தவளை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

கண்ணாடித் தொட்டிகளில் தவளை வளர்ப்பவர்களுக்கும் உயிரியல் பூங்காக்களுக்கும் ராப்டியாஸ் பழகிய தொல்லை. வெளியில் ஒரு தவளை எச்சமிட்ட இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். தொட்டியில் போக இடமில்லை. தன் எச்சத்திலிருந்து வந்த இளம்புழுக்கள் தன் தோலையே துளைத்து மறுபடி மறுபடி உள்ளே போகும். வெளியில் ஐந்தாறு புழுவோடு வாழ்ந்திருக்கக்கூடிய தவளை, தொட்டியில் சில மாதங்களில் நுரையீரல் அடைத்துச் சாகலாம். மெலிவு, இரை மறுப்பு, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். விலங்கு மருத்துவர்கள் எச்சத்தைச் சோதித்து, ஃபென்பெண்டசோல், லெவாமிசோல் போன்ற புழுக்கொல்லிகளைத் தருவார்கள். அளவைத் தானாக முடிவு செய்யக் கூடாது. தவளை தோல் வழியாகவும் மருந்தை உறிஞ்சும் என்பதால் சிறிது கூடினாலும் ஆபத்து. நுரையீரலுக்குள் பல புழுக்கள் ஒரே நேரத்தில் செத்து அழுகினாலும் தவளைக்குச் சிக்கல் வரும்.

மருந்து மட்டும் கொடுத்துவிட்டுத் தொட்டி மண்ணை அப்படியே விட்டால் பலன் நிற்காது. இந்தப் புழுவின் பாதி வாழ்க்கை அந்த மண்ணில்தான் நடக்கிறது. எச்சத்தை அன்றன்றே அகற்றினால் ஆணும் பெண்ணும் முதிர்வதற்கே நேரம் கிடைக்காது. சிகிச்சைக் காலத்தில் மண்ணை எடுத்துவிட்டு ஈரமான காகிதத் துண்டை விரித்து, அதையும் நாள்தோறும் மாற்றச் சொல்வது அதனால்தான்.